வெறுங்காலுக்காகக் காத்திருக்கும் புழு: ஒரு ஹார்மோன் சுவிட்சின் கதை

சயாம்-பர்மா ரயில்பாதையைப் பற்றி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான் ராணுவம் காட்டையும் மலையையும் வெட்டிப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. 1942-ல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். சிவில் படிக்கும் நண்பர்களுக்கு இது ஒரு கட்டுமான சாதனையாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு ஊர் வைத்த பெயர் 'மரண ரயில்'. பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாலந்து நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். அவர்களைவிட அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் அதில் ஏராளம். மழை, சேறு, சரியான கழிப்பறை கிடையாது, பலருக்குக் காலில் செருப்பும் கிடையாது.

போர் முடிந்தது. உயிர் பிழைத்த பிரிட்டிஷ் கைதிகள் ஊர் திரும்பினார்கள். 1968 முதல் 2002 வரை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இப்படித் திரும்பிய 2072 பேரைப் பரிசோதித்தார்கள். அதில் 248 பேரின் உடம்பில் ஒரு புழு உயிரோடு இருந்தது. அதாவது நூற்றுக்கு பன்னிரண்டு பேர். அவர்களில் பலர் கிழக்கு ஆசியாவை விட்டு வந்து இருபது, முப்பது, நாற்பது வருஷம் ஆகியிருந்தது. இங்கிலாந்தின் குளிரில் அந்தப் புழு மண்ணிலிருந்து புதிதாக ஏறியிருக்க வாய்ப்பே இல்லை.

புழுவின் பெயர் ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் ஸ்டெர்கொராலிஸ். நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். நூல் மாதிரி மெலிசு. இவ்வளவு சின்ன உயிர் ஒரு மனுஷனுக்குள்ள நாற்பது வருஷம் எப்படி இருந்தது? இதற்கான பதிலில் ஒரு ஹார்மோன் இருக்கு, ஒரு சுவிட்ச் இருக்கு. அந்த சுவிட்சைப் புரிஞ்சுக்கிட்டா, ஒரு டாக்டர் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசி சில பேரை ஏன் கொல்லுது என்பதும் புரியும். அதனால கொஞ்சம் பொறுமையா வாங்க.

முதலில் ஒரு சாதுவான புழு

ஒட்டுண்ணிப் புழுவை ஆராய்வது கஷ்டம். அது வளர ஒரு உடம்பு வேணும். அதனால இந்தக் கதையின் முதல் பாதியை விஞ்ஞானிகள் வேறொரு புழுவிடம் கற்றார்கள். அதுதான் சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ். அழுகும் பழத்திலும் மண்ணிலும் பாக்டீரியாவைத் தின்று வாழும் 1 மில்லிமீட்டர் உருளைப்புழு. யாருக்கும் ஒரு தொந்தரவும் செய்யாது. சிட்னி பிரென்னர் 1960-களில் இதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். முழு வளர்ச்சி அடைந்த இருபால் புழுவில் இருக்கும் நரம்பு செல்கள் மொத்தம் 302. நம்ம மூளையோடு ஒப்பிட்டா ஒண்ணுமே இல்லை. ஆனா அந்த 302-ம் எது எதோடு இணைஞ்சிருக்குன்னு முழு வயரிங் டயக்ராமே இருக்கு. பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவருக்கும் 2002-ல் இந்தப் புழு வழியாகத்தான் நோபல் பரிசு வந்தது.

சாப்பாடு இருந்தால் இந்தப் புழு மூன்று, நான்கு நாளில் முட்டையிலிருந்து பெரிய புழுவாகிவிடும். நடுவில் நாலு லார்வாப் பருவங்கள். ஒவ்வொன்றும் முடியும்போது தோலுரிக்கும். பிறகு முட்டை போடும். இரண்டு, மூன்று வாரத்தில் செத்துப்போகும்.

சாப்பாடு குறைந்து, கூட்டம் பெருகி, சூடும் ஏறினால்? அப்போது மூன்றாவது பருவத்துக்குப் பதிலாகப் புழு வேறொரு வடிவம் எடுக்கிறது. அதற்கு 'டவர்' என்று பெயர். செல்போன் டவர் இல்லைங்க. ஜெர்மன் சொல், 'நீடித்தல்' என்று பொருள். பெயருக்கு ஏற்ற வடிவம்தான். வாய் அடைத்துக்கொள்ளும், எதுவும் சாப்பிடாது. தோல் தடித்துவிடும். உள்ளே சேர்த்துவைத்த கொழுப்பை மட்டும் சிக்கனமாகச் செலவழிக்கும். இரண்டு, மூன்று வாரம் வாழவேண்டிய புழு இந்த நிலையில் மாதக்கணக்கில் தாங்கும். உங்க ஷாம்பூ பாட்டில்ல 'சோடியம் லாரில் சல்ஃபேட்'னு எழுதியிருக்கும், பார்த்திருக்கீங்களா? அதன் ஒரு சதவீதக் கரைசலில் போட்டால் மற்ற புழுக்கள் செத்துவிடும், டவர் சாகாது. ஆய்வகத்தில் டவரைப் பிரித்தெடுக்க இன்றுவரை இதைத்தான் செய்கிறார்கள்.

வடிவத்தோடு சேர்ந்து நடத்தையும் மாறும். சாதாரணப் புழு தரையோடு தரையாக ஊர்ந்து பாக்டீரியா தேடும். டவர் மேடான இடத்தில் ஏறி, வாலை ஊன்றி எழுந்து நின்று, உடம்பைக் காற்றில் ஆட்டும். எதற்கு? பக்கத்தில் ஒரு பூச்சியோ நத்தையோ போனால் ஒட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகத்தான். நம்ம ஊர்ல கடைசி பஸ்ஸை விட்டவங்க ரோட்டோரம் நின்னு லாரிக்குக் கை காட்டுற மாதிரி. தலையில் இருக்கும் ஆறு நரம்பு செல்கள் இல்லாவிட்டால் இந்த ஆட்டம் நடக்காது என்று கொரிய ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினார்கள். இன்னொரு மாற்றம் இதைவிட வேடிக்கை. பெரிய புழு கார்பன் டை ஆக்சைடைக் கண்டால் விலகி ஓடும். அதே புழு டவராக இருக்கும்போது அதை நோக்கிப் போகும். மூச்சு விடும் உயிர் எங்கேயோ பக்கத்தில் இருக்கு என்பதற்கு அந்த வாயு ஒரு அடையாளம்.

ஒரே மரபணுத் தொகுப்பு, ஆனால் வேறு உடம்பு, வேறு குணம். எது முடிவு செய்தது?

தகவல் எப்படி உள்ளே போகிறது

ஒவ்வொரு புழுவும் ஒருவகை வேதிப்பொருளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அஸ்காரோசைடு என்று பெயர். நூறு புழு இருக்கும் இடத்தில் இதன் அளவு குறைவு. பத்தாயிரம் இருக்கும் இடத்தில் அதிகம். ஆக, இந்த வாசனையின் அளவே ஜனத்தொகைக் கணக்கு. தலையில் இருக்கும் நரம்பு செல்கள் மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் அளக்கின்றன: கூட்டத்தின் வாசனை, சாப்பாட்டின் வாசனை, வெப்பம்.

நிலைமை நல்லா இருந்தால் இந்த நரம்பு செல்கள் இரண்டு விதமான புரதச் செய்திகளை அனுப்பும். ஒன்று நம்ம உடம்பில் இருக்கும் இன்சுலினின் உறவு. இன்னொன்று டிஜிஎஃப்-பீட்டா என்ற குடும்பம். இரண்டும் வெவ்வேறு பாதையில் போய், கடைசியில் ஒரே இடத்தில் சேர்கின்றன. அங்கே டாஃப்-9 என்ற நொதி இருக்கிறது. அதன் வேலை கொலஸ்டிராலிலிருந்து ஒரு ஸ்டீராய்டு ஹார்மோனைத் தயாரிப்பது. அந்த ஹார்மோனின் பெயர் டாஃபாக்ரோனிக் அமிலம். 2006-ல்தான் இதன் அடையாளம் உறுதியானது.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கு. இந்தப் புழுக்களால் கொலஸ்டிராலைத் தானாகத் தயாரிக்க முடியாது. சாப்பாட்டிலிருந்துதான் எடுத்துக்கணும். அதாவது வளரலாம் என்று சொல்லும் ஹார்மோனின் மூலப்பொருளே வெளியிலிருந்துதான் வரணும்.

ஹார்மோன் போய்ச் சேரும் இடம் டாஃப்-12 என்ற ஏற்பி. நம்ம உடம்பில் வைட்டமின் டி-யைப் பிடிக்கும் ஏற்பிக்கு இது தூரத்துச் சொந்தம். செல்லின் உட்கருவுக்குள் டிஎன்ஏ மேல் உட்கார்ந்திருக்கும். ஹார்மோன் வந்து பொருந்தினால், 'வளர்ச்சிக்கான மரபணுக்களை இயக்கு' என்று அர்த்தம். ஹார்மோன் வராவிட்டால் அது சும்மா இருக்காது. இன்னொரு புரதத்தோடு கைகோத்து டவராகும் நிரலை ஓடவிடும். ஆகவே இது வெறும் ஆன்-ஆஃப் பட்டன் இல்லை. இரண்டு பக்கமும் வேலை செய்யும் டூ-வே சுவிட்ச். ஹார்மோன் இருந்தா ஒரு பாதை, இல்லாட்டி இன்னொரு பாதை.

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கணும். சிக்னல் எல்லை மதிப்புக்குப் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருந்தால் புழு பாதி டவர், பாதி பெரிய புழு என்று ஆகிவிடாதா? ஆகாது. ஹார்மோன் முதலில் தலையில் இருக்கும் இரண்டே செல்களில் கொஞ்சமாகச் சுரக்கிறது. அளவு ஒரு எல்லையைத் தாண்டியதும், அந்த ஹார்மோனே உடம்பு முழுக்க இருக்கும் தோல் செல்களில் டாஃப்-9 உற்பத்தியைத் தூண்டிவிடும். ஹார்மோன் இன்னும் ஹார்மோனை உண்டாக்கும். பாசிட்டிவ் ஃபீட்பேக், அதாவது நீங்க படிச்ச லாட்ச் சர்க்யூட்தான். ஒருமுறை விழுந்துவிட்டால் அப்புறம் உள்ளீடு மாறினாலும் முடிவு மாறாது. எல்லா செல்லும் ஒரே முடிவை எடுக்கும். 302 நரம்பு செல்லை வைத்துக்கொண்டு புழு போட்டிருக்கும் டிசைன் இது.

அதே சுவிட்ச், ஆபத்தான கையில்

இப்ப ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸுக்கு வருவோம். இதை முதலில் கண்டது 1876-ல், பிரான்சின் தூலோன் துறைமுகத்தில். இன்றைய வியட்நாம் பகுதியிலிருந்து வயிற்றுப்போக்கோடு திரும்பிய படைவீரர்களின் மலத்தில் லூயி நார்மான் என்ற மருத்துவர் கண்டார். இன்று உலகம் முழுக்க 30 முதல் 60 கோடிப் பேருக்கு இந்தத் தொற்று இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வெப்பமும் ஈரமும் இருக்கும் நாடுகள்தான் இதற்குப் பிடித்த இடம்.

மனிதக் குடலில் பெண் புழு மட்டும்தான் வாழும். ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். முட்டை உள்ளேயே பொரிந்து, முதல் பருவ லார்வா மலத்தோடு வெளியே வரும். வெளியே வந்ததும் அதற்கு முன்னால் இரண்டு வழி. ஒன்று, மண்ணிலேயே ஆணும் பெண்ணுமாக வளர்ந்து ஒரு தலைமுறை சுதந்திரமாக வாழ்வது. இன்னொன்று, நேராக மூன்றாம் பருவத் தொற்று லார்வாவாக மாறுவது. மண்ணில் ஒரு தலைமுறை வாழ்ந்தாலும் தப்பிக்க முடியாது. அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் எல்லாம் தொற்று லார்வாதான்.

அந்தத் தொற்று லார்வா எப்படி இருக்கும் தெரியுமா? சாப்பிடாது, தோல் தடித்திருக்கும், சேர்த்துவைத்த கொழுப்பில் ஓடும், வளர்ச்சி நின்றிருக்கும். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? அச்சு அசல் டவர். ஒரே வித்தியாசம், டவர் லிஃப்ட் கேட்டு நிற்கும், இது வீட்டுக்குள்ளேயே குடியேறப் பார்க்கும்.

இந்த ஒற்றுமை வெறும் தோற்றமா, இல்லை உள்ளேயும் அதே எந்திரமா? 2009-ல் இதற்குப் பதில் கிடைத்தது. ஒரு குழு ஆட்டின் குடலில் வாழும் ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் இனத்தை எடுத்தது. இன்னொரு குழு மனிதனைத் தாக்கும் இனத்தையும் கொக்கிப்புழுக்களையும் எடுத்தது. தொற்று லார்வாவாக மாறவேண்டிய குஞ்சுப் புழுக்கள் மேல் டாஃபாக்ரோனிக் அமிலத்தை ஊற்றினார்கள். அவை தொற்று லார்வாவாக மாறவில்லை. மண்ணில் வாழும் புழுவைப் போல வளரத் தொடங்கின. பல கோடி வருஷத்துக்கு முன்னால் பிரிந்துபோன இரண்டு புழு வம்சங்கள், ஒரே ஹார்மோனுக்கு ஒரே பதிலைச் சொல்லின.

சுவாரசியம் என்னன்னா, மேலே இருக்கும் வயரிங் அப்படியே இல்லை. எலிகன்ஸில் டிஜிஎஃப்-பீட்டா செய்தி 'வளரு' என்று சொல்லும், டவரில் அது அடங்கியிருக்கும். ஒட்டுண்ணிகளில் அதன் உறவுப் புரதம் தொற்று லார்வாவில்தான் அதிகம் தெரிகிறது, அப்படியே தலைகீழ். சென்சார் பக்கம் பரிணாமம் நிறைய மாற்றி எழுதியிருக்கிறது. கடைசியில் இருக்கும் ஹார்மோனையும் அதன் ஏற்பியையும் மட்டும் தொடவில்லை. பழைய மதர்போர்டில் புது சென்சாரை மாட்டின மாதிரி.

கால் தேடும் கலை

ஹார்மோன் அணைந்திருக்கும் இந்தக் காத்திருப்பு நிலையில்தான் புழு ஆள் தேடும். ஓம்புயிரியை, அதாவது தான் குடியேறப்போகும் உடம்பை, எப்படிக் கண்டுபிடிக்கும்?

முதல் தடயம் சூடு. மண்ணைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பான பக்கம் எது என்று உணர்ந்து, 37 டிகிரியை நோக்கி ஊர்ந்துபோகும். இரண்டாவது தடயம் வாசனை. மனித வியர்வையிலும் தோலிலும் இருக்கும் பல பொருட்கள் இதை இழுக்கின்றன. அதில் ஒன்று யூரோகானிக் அமிலம், நம்ம தோலில், குறிப்பாகப் பாதத்தில் கிடைப்பது. சும்மா நின்று காத்திருக்காது. சுறுசுறுப்பாக ஊர்ந்து தேடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் எலிசா ஹாலம் குழுவினர் இந்தத் தேடலைப் பல வருடமாக அளந்துவருகிறார்கள். நரம்பு செல்லில் டாக்ஸ்-4 என்ற ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது புழுவுக்குச் சூடும் தெரியவில்லை, வாசனையும் தெரியவில்லை என்று காட்டினார்கள்.

கார்பன் டை ஆக்சைடு விஷயத்தில் மட்டும் இது டவருக்கு நேர் எதிர். மண்ணில் இருக்கும் தொற்று லார்வா அந்த வாயுவை வெறுத்து விலகும். யோசிச்சுப் பார்த்தா நியாயம்தான். அது பிறந்த இடம் மலம். பாக்டீரியா கொதிக்கும் அந்தக் குவியலில்தான் கார்பன் டை ஆக்சைடு அதிகம். அங்கேயே கிடந்தால் யார் காலும் கிடைக்காது. முதலில் அதிலிருந்து தப்பணும். ஆனால் உடம்புக்குள் நுழைந்து விழித்துக்கொண்ட பிறகு அதே புழு அதே வாயுவை நோக்கிப் போகிறது. உடம்புக்குள்ளே குடலும் நுரையீரலும் இருக்கும் திசை அது.

உள்ளே போனதும் என்ன?

வெறுங்காலில் தோலைத் துளைத்து லார்வா உள்ளே போகிறது. வெளியே வெப்பம் ஏற இறங்க இருந்தது, இங்கே நிலையாக 37 டிகிரி. சுற்றிலும் ரத்தத்தின் வேதிப்பொருட்கள். இந்தத் தகவல்கள் புழுவின் நரம்பு செல்களில் சைக்ளிக் ஜிஎம்பி என்ற சின்ன மூலக்கூறை உயர்த்துகின்றன. அதன் தொடர்ச்சியாக டாஃபாக்ரோனிக் அமிலம் சுரக்கிறது. டாஃப்-12 மறுபக்கம் சாய்கிறது. அடைபட்ட வாய் திறக்கிறது, புழு சாப்பிடத் தொடங்குகிறது, வளர்ச்சி மீண்டும் ஓடுகிறது. 'வந்து சேர்ந்துட்டோம்' என்று புழுவுக்குச் சொல்வது இந்த ஹார்மோன்தான்.

இதை எப்படிச் சோதித்தார்கள் என்பது அழகு. ஒளிரும் சாயம் கலந்த திரவத்தில் தொற்று லார்வாக்களைப் போடுவார்கள். சாப்பிடத் தொடங்கிய புழுவின் உணவுக்குழாய் மட்டும் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மின்னும். எண்ணிவிட வேண்டியதுதான். உடம்புச் சூடும் மற்ற அடையாளங்களும் கொடுத்தால் மின்னின. அவை எதுவும் இல்லாமல் ஹார்மோனை மட்டும் கொடுத்தாலும் மின்னின. ஹார்மோன் தயாரிப்பைத் தடுக்கும் கீட்டோகோனசோல் என்ற மருந்தைச் சேர்த்தால் மின்னுவது குறைந்தது. வெளியிலிருந்து ஹார்மோனைக் கொடுத்ததும் திரும்பவும் மின்னின. ஒரு பாகத்தைக் கழற்றிப் பார்த்து, பிறகு மாட்டிப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் அதே லேப் முறைதான்.

நாற்பது வருஷத்தின் ரகசியம்

இப்போது ஆரம்பத்துக் கேள்விக்குத் திரும்பலாம். ஒரே புழு நாற்பது வருஷம் வாழவில்லை. குடலில் பொரியும் லார்வாக்களில் எல்லாமே வெளியே போய்விடுவதில்லை. சில, குடலுக்குள்ளேயே அவசரமாகத் தோலுரித்து, அங்கேயே தொற்று லார்வாவாகிவிடும். பிறகு குடல் சுவரையோ, ஆசனவாய்ப் பக்கத்துத் தோலையோ துளைத்து, அதே ஆளைத் திரும்பவும் தொற்றும். தன் வீட்டுக்குள்ளேயே அடுத்த தலைமுறை. மற்ற குடல் புழுக்கள் பெரும்பாலும் இப்படிச் செய்வதில்லை. கொக்கிப்புழு உள்ளே பெருகாது. புதிதாக மண்ணிலிருந்து ஏறாவிட்டால் சில வருஷத்தில் ஓய்ந்துவிடும்.

ஆரோக்கியமான ஆளுக்கு இது பெரிய தொல்லை தராமலே ஓடும். எப்போதாவது வயிற்று வலி, சில நேரம் தோலுக்கு அடியில் வேகமாக நகரும் அரிப்புக் கோடு. பலருக்கு எதுவுமே தெரியாது. உடம்பின் எதிர்ப்பு சக்தி எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருக்கும்.

அந்த ஆளுக்கு ஒருநாள் ஆஸ்துமாவோ, மூட்டு வாதமோ, சிறுநீரக மாற்று சிகிச்சையோ வருகிறது என்று வையுங்கள். டாக்டர் ஸ்டீராய்டு கொடுக்கிறார். தவறில்லை, நோய்க்கு அதுதான் மருந்து. ஆனால் உள்ளே உள் தொற்று சுழற்சி திடீரென்று கட்டுமீறும். லார்வாக்கள் ஆயிரக்கணக்கில் குடலைத் துளைத்து நுரையீரல், கல்லீரல், மூளை என்று எங்கும் பரவும். போகும்போது குடல் பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். மிகைத்தொற்று என்று இதைச் சொல்கிறார்கள். சரியான நேரத்தில் கண்டுபிடிக்காவிட்டால் பெரும்பாலும் மரணம்தான். 2020-ல் கோவிட் நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் பரவலாகக் கொடுக்கத் தொடங்கியதும், வெப்பமண்டல நாடுகளிலிருந்து வந்த நோயாளிகளுக்கு இந்தப் புழு இருக்கிறதா என்று யோசியுங்கள் என்று மருத்துவ இதழ்கள் எச்சரித்தது இதனால்தான்.

ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிறது, அதனால் புழு பெருகுகிறது. இதுதான் வழக்கமான விளக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் 2018-ல் ஒரு எலிப் பரிசோதனை அதில் ஒரு ஓட்டையைக் காட்டியது. எடுத்துக்கொண்ட எலிகள் பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி மிக மோசமாகக் குறைந்த ரகம். இனிமேல் குறைக்க அதிகம் எதுவும் மிச்சமில்லை. அப்படிப்பட்ட எலிகளுக்கும் புழுவைக் கொடுத்து, கூடவே மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது, உள்ளேயே உருவாகும் தொற்று லார்வாக்கள் பல மடங்கு ஏறின. அப்படியானால் கதையில் எதிர்ப்பு சக்தி மட்டும் இல்லை. நாம் கொடுக்கும் ஸ்டீராய்டு ஏதோ ஒரு வழியில் புழுவின் முடிவெடுக்கும் பாதையிலும் கை வைக்கிறது.

அதே பரிசோதனையில் இன்னொரு குழு எலிகளுக்கு டாஃபாக்ரோனிக் அமிலத்தையும் கொடுத்தார்கள். மிகைத்தொற்று அடங்கியது.

ஏன் என்று இப்போது உங்களாலேயே சொல்ல முடியும். தொற்று லார்வாவாக மாற, ஹார்மோன் இல்லாமல் இருக்கவேண்டும். நாம் வெளியிலிருந்து ஹார்மோனைக் கொட்டினால், குடலில் இருக்கும் குஞ்சுப் புழு அந்தக் கட்டத்தைத் தாண்டி வளரப் பார்க்கிறது. ஆனால் அது வளரவேண்டிய இடம் மண், இருப்பதோ குடல். தவறான நேரத்தில் வந்த சரியான சிக்னல். சுழற்சி அங்கே அறுகிறது.

மருந்தாகுமா?

இந்தப் புழுவுக்கு இன்று கொடுக்கும் முக்கிய மருந்து ஐவர்மெக்டின். கேம்பெலுக்கும் ஒமுராவுக்கும் 2015-ல் நோபல் வாங்கித் தந்த மருந்து. நல்ல மருந்துதான். ஆனால் மிகைத்தொற்று முற்றிய நிலையில் அது தனியாகப் பல நேரம் தோற்றுப்போகிறது. 2021-ல் வந்த ஒரு ஆய்வில் விலங்குகளுக்கு ஐவர்மெக்டினோடு டாஃபாக்ரோனிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, தனித்தனியாகக் கொடுத்ததைவிட நல்ல பலன் கிடைத்தது. ஒன்று புழுவின் நரம்பையும் தசையையும் முடக்குகிறது, இன்னொன்று அதன் வளர்ச்சித் திட்டத்தைக் குழப்புகிறது. இரண்டும் வேறு வேறு இடத்தில் அடிக்கின்றன.

இது இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது, மருந்துக்கடைக்கு வரவில்லை. அந்த ஹார்மோனைத் தயாரிப்பது எளிதுமில்லை. ஆனாலும் நம்ம மாதிரி ஆட்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. ஒரு எதிரியை முறியடிக்க எப்போதும் விஷம்தான் வேணும்னு இல்லை. அதன் கன்ட்ரோல் சிஸ்டம் தெரிந்தால், அதன் சொந்த சிக்னலையே தப்பான நேரத்தில் கொடுத்துத் திணறவைக்கலாம். அந்த கன்ட்ரோல் சிஸ்டத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தது யாருக்கும் தீங்கு செய்யாத, அழுகின பழத்தில் வாழும் ஒரு புழு. 'இதைப் படிச்சு என்ன பிரயோஜனம்?' என்று யாராவது அடுத்த முறை கேட்டால் இந்தப் புழுவைச் சொல்லுங்க.

கடைசியாக, நம்ம வீட்டுப் பக்கம் ஒரு விஷயம். பள்ளிக்கூடத்தில் பிப்ரவரி மாதம் வரிசையில் நிற்கவைத்து ஒரு மாத்திரையைக் கடித்துத் தின்னச் சொல்வார்களே, அது அல்பெண்டசோல். தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுப்பது. கொக்கிப்புழுவுக்கும் குண்டுப்புழுவுக்கும் அது போதும். ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸுக்கு ஒரு வேளை அல்பெண்டசோல் போதாது. சாதாரண மலப் பரிசோதனையிலும் இது பல நேரம் சிக்காது. தனியாகத் தேடினால்தான் தெரியும். அதனால் உங்க வீட்டில் வயலிலும் தோட்டத்திலும் காலமெல்லாம் வெறுங்காலோடு உழைத்த தாத்தாவோ பாட்டியோ இருந்து, அவர்களுக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுதப்படுகிறது என்றால், 'இவங்க ரொம்ப வருஷம் செருப்பில்லாம மண்ணுல வேலை செஞ்சவங்க டாக்டர், புழுவுக்கு ஒரு டெஸ்ட் பார்த்துடலாமா?' என்று ஒரு வார்த்தை கேளுங்க. ஒரு ரத்தப் பரிசோதனையும் உடம்பு எடைக்கேற்ற சில ஐவர்மெக்டின் மாத்திரையும் போதும் பல பேருக்கு. ஸ்டீராய்டை நீங்களா நிறுத்தச் சொல்லாதீங்க, அது வேற ஆபத்து.

மரண ரயில் பாதையில் வேலை செய்தவர்களின் கால் வழியாக ஏறிய புழு, அரை நூற்றாண்டு தாண்டி ஒரு ஊசிக்காகக் காத்திருந்தது. அது பொறுமைசாலி என்பதால் இல்லை. ஒரு ஹார்மோன் வருகிறதா இல்லையா என்று தலைமுறைக்குத் தலைமுறை சரியாகக் கணக்குப் போட்டதால். அந்தக் கணக்கு இப்போது நமக்கும் கொஞ்சம் தெரியும்.